பழைய வீடு, குறைந்த பணம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட் கடையில்தான் தொடங்குகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பாதி பட்டிக்கும் பெயின்டுக்கும் போய்விடும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் சுவரின் அடிப்பக்கம் உப்பிப் பொரிந்து, பட்டி தகடு தகடாக விழும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விடும். அதை சிமென்ட்டும் பட்டியும் பூசி மூடிவிட்டால், வாங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே தள்ளிக்கொண்டு வரும்.

அதனால் செலவின் வரிசை இப்படி இருக்கட்டும்: வெளி வடிகால், கூரை, கரண்ட் மற்றும் குழாய், சுவர்ப் பூச்சு, தரை, மரவேலை, நிறம், கடைசியில் அலங்காரம். இதை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க நேரும். மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும்.

உங்கள் வீடு எந்த வகை

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். மண் சுவரோ கல்லும் மண்ணும் கலந்த சுவரோ வைத்து நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு போட்டவை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் காரையும் அடுக்கிய மட்டத் தளம்) போட்டவை. கற்பலகையையே கூரையாகப் பரப்பியவை. 1970க்குப் பிறகு வந்த கான்கிரீட் வீடுகள். ஒரே வீட்டில் முன்கட்டு ஓடாகவும் பின்கட்டு கான்கிரீட்டாகவும் இருப்பதும் சகஜம். ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் பாருங்கள்.

சுவரில் இருப்பது என்ன கலவை என்று கண்டுபிடிக்க, மறைவான இடத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்து, கீறலே விழாவிட்டால் சிமென்ட். செங்கல் இடுக்கிலிருந்து ஒரு துண்டு கலவையை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் கரைந்து சேறானால் மண் சாந்து; கரையாமல் நின்றால் சுண்ணாம்பு அல்லது சிமென்ட். இந்த ஒரு சோதனையைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் பாதி முடிவுகள் அமையும்.

மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை

நல்ல மழை பெய்யும்போது வீட்டுக்குள் சாக்பீஸோடு சுற்றுங்கள். ஒழுகும் இடம், சுவரில் நீர் வழியும் கோடு எல்லாவற்றையும் அந்த நேரத்திலேயே வட்டமிடுங்கள். வெயிலில் இவை கண்ணுக்குத் தெரியாது. வெளியேயும் போய், இறவாரத்திலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகிறது, சுவரடியில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று பாருங்கள்.

வெயில் நாளில் ஓதச் சோதனை செய்யலாம். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், துளி கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறப்பதும் மேலே காற்றுத்துளை வைப்பதுமே அதற்குப் போதும்.

விரிசல்களில் மயிரிழை போன்றவற்றை விட்டுவிடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்றவை, செங்கல் வரிசையைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு ஏறுபவை, கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புபவை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் காரை வைத்து ஒட்டுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி உடைந்தாலோ விரிசல் கோட்டைத் தாண்டினாலோ சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது பூசுவதை நிறுத்தி, கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது.

விட்டம், கைமரம், நிலை எல்லாவற்றையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் மரம் உளுத்துவிட்டது. சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் நுனிதான் முதலில் கெடும். நடுவில் கல் போல இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

வெளி வடிகால்: கூலியைத் தவிர அதிகச் செலவில்லை

இந்த ஊர்களில் சுவர் அடியில் ஓதம் ஏறுவதற்குப் பெரிய காரணம், வீடு கட்டியபோது இருந்த தெரு மட்டம் இப்போது இல்லை என்பதே. சிமென்ட் சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கும். வீட்டுத் தரை பள்ளத்தில் கிடக்கும். பழைய சுவர்களில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலமும் கிடையாது. மண்ணிலிருந்து உறிஞ்சிய நீர் சுமார் 3 அடி வரை ஏறும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் புழங்கும் வீட்டில் அதோடு உப்பும் ஏறிப் பூக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரை மட்டத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் கீழே வெளிமட்டம் இருக்கும்படி இறக்குங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டாதீர்கள். ஒரே நாளில் சுவர் நெடுகத் திறக்காமல், 6 அடி 6 அடியாக வெட்டி முடியுங்கள். பள்ளத்தில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி, 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுத்துத் தண்ணீரை வீட்டை விட்டு வெளியே எடுங்கள். சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போட்டுவிடுவதே பலரும் செய்யும் வேலை. அடியில் இருக்கும் ஈரத்துக்கு மேலே போக வழி அடைபடுவதால், அது சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறும். ஜல்லி பார்வைக்கு அழகில்லை என்றால் மேலே கல் சில்லுகளைப் பரப்பிக்கொள்ளுங்கள்.

மண் சுவரை ஒட்டிக் குளியலறை கட்டியிருந்தால், வீட்டு ஓதத்தில் பாதி அங்கிருந்துதான் வரும். அதை இடித்து நகர்த்தப் பணம் இல்லாவிட்டால், குளியலறைப் பக்கத்தில் பழைய சுவரிலிருந்து 2 அங்குலம் இடைவெளி விட்டு 4½ அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை 4 அடி உயரத்துக்கு எழுப்பி, டைல்ஸையும் குழாயையும் அந்தப் புதுச் சுவரிலேயே வையுங்கள். இடைவெளியின் மேல்பக்கத்தில் காற்றுப் போக வழி விடுங்கள்.

கூரை

ஓட்டைப் பிரிக்கிற வேலையைத் தை முதல் பங்குனி நடுவுக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரையில் இடி மழை வந்துவிடும். ஆடி, ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசியிலும் உண்டு.

சீமை ஓட்டுக் கூரைக்கு 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். பழைய ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். கட்டை விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று ஒலிப்பவை இன்னும் பல வருடம் தாங்கும். மொந்தென்று கேட்பவற்றில் விரிசல் இருக்கும். நல்லவற்றைத் தெரு பார்த்த சரிவில் சேர்த்து, வாங்கும் ஓட்டைப் பின்சரிவில் போட்டால் நிற வேறுபாடு கண்ணை உறுத்தாது. வாங்குவதற்கு முன் பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சூளையின் அச்சும் கொஞ்சம் வேறுபடும், பூட்டு உட்காராவிட்டால் அந்த இடம் ஒழுகும். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரைப் புதிதாக அடிப்பதானால், இடைவெளியைப் புத்தகக் கணக்கில் வைக்காமல், இரண்டு ஓட்டைப் பூட்டி வைத்து அளந்து அதன்படி அடியுங்கள். பெரும்பாலும் 12½ அங்குலம் பக்கத்தில் வரும். இருட்டான கூடத்துக்கு இரண்டு மூன்று கண்ணாடி ஓடு போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். வடக்குச் சரிவில் போடுங்கள். மேற்கில் போட்டால் மாலை வெயில் தரையைச் சுடும்.

ஓட்டுக்கு அடியில் பிவிசி பலகையோ ஜிப்சமோ கொண்டு ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்வார்கள். வேண்டாம். ஒழுகல் தெரியாமல் மரம் அழுகும், சூடு நடுவில் அடையும், எலி குடியேறும். ஓட்டுத்தூசி கொட்டுவதுதான் தொல்லை என்றால் மூங்கில் பாயைக் கைமரத்துக்குக் கீழே கழற்றி மாட்டும்படி அடியுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் அதன்மேல் 2 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்பார் மேஸ்திரி. 100 சதுர அடிக்கு அது ஒரு டன் எடை. கீழே தாங்குவது நூறு வருடப் பழைய தேக்குக் கட்டையாக இருக்கலாம், அதன் நுனி சுவருக்குள் உளுத்தும் இருக்கலாம். அதற்குப் பதிலாக, மேலே உள்ள தட்டோட்டு இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குக் கீறி எடுத்து, கழுவி, சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி (செங்கல் தூள்) ஒரு பங்கு, மெல்லிய மணல் ஒரு பங்கு என்ற கலவையை அழுத்தி நிரப்பி, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். உடைந்த தட்டோட்டை மட்டும் மாற்றினால் போதும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறுபடி தழையும். சுற்றிலும் காரையைத் தோண்டி வேரோடு எடுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கற்பலகைக் கூரையில் கல் ஒழுகாது, இடுக்கு ஒழுகும். மேலே பரப்பிய மண்ணையும் பழைய காரையையும் நீக்கி, இடுக்கை ஓர் அங்குலம் கீறி, தூசி ஊதி, மேலே சொன்ன சுர்க்கிக் கலவையை இரண்டு தடவையாக நிரப்புங்கள். பலகையில் ஃபேன் கொக்கிக்கு டிரில் போடாதீர்கள். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நடுவில் துளையிட்ட பலகை எப்போது பிளக்கும் என்று சொல்ல முடியாது. சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் ஒன்றைப் போட்டு அதில் ஃபேனைத் தொங்கவிடுங்கள். ஏற்கெனவே கீறல் விழுந்த பலகைக்குக் கீழே இரும்பு ஐ-பீம் ஒன்றை முட்டுக் கொடுப்பதே சரி.

கான்கிரீட் தளத்தில் கம்பி துருப்பிடித்துப் பிதுங்கியிருந்தால், உதிரும் பகுதியைத் தட்டிவிட்டு, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பியின் கனம் கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பொறியாளரைக் கேளுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தண்ணீர்த் தொட்டியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதைப் பழைய தளத்தில் ஏற்றாமல், வேலிக்கு நடும் கருங்கல் கம்பங்களில் கனமானவை நான்கை வீட்டுக்குப் பின்னால் நட்டு, மேலே கற்பலகை போட்டு 500 லிட்டர் தொட்டியை வையுங்கள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல் கம்பம் இரும்பு ஸ்டாண்டை விட மலிவாகவே கிடைக்கும், துருவும் பிடிக்காது.

கரண்ட், குழாய்

மரப்பட்டையில் ஓடும் பழைய ஒயர், எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், அலுமினிய ஒயர் மூன்றில் எது இருந்தாலும் முழுதும் மாற்ற வேண்டும். மண் சுவரையும் கல் சுவரையும் காடியெடுத்துக் குழாய் புதைத்தால் சுவர் பலவீனமாகும், காரையும் பெயரும். மேலாகவே பிவிசி கேசிங்-கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுங்கள். விட்டத்தை ஒட்டியும் நிலைச் சட்டத்தை ஒட்டியும் கொண்டுபோய்ச் சுவர் நிறமே அடித்துவிட்டால் கண்ணில் படாது. விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 6 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்). மிக்ஸி, ஃபிரிட்ஜ் பிளக்குக்கு 2.5, 16 ஆம்பியர், கீசருக்கு 4. மெயினில், மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பணம் குறைவு என்று எதை விட்டாலும் இதை விடாதீர்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

எர்த் குழிதான் இந்தப் பாறை பூமியில் சிக்கல். மூன்றடியில் பாறை தட்டியதும் அதோடு நிறுத்திவிடும் ஒயர்மேன்கள் உண்டு. குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம், தென்னை மரத்தடி போன்ற ஈரமான, மண் ஆழமுள்ள இடத்தைத் தேடிச் சுமார் 8 அடி இறக்க வேண்டும். அவ்வளவு ஆழம் கிடைக்காவிட்டால் இடைவெளி விட்டு இரண்டு குழி போட்டு இணைக்கலாம். முடிந்ததும் எர்த் அளவு 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த வேலை உரிமம் உள்ளவர் கையில்தான் இருக்க வேண்டும்.

குழாயும் சுவருக்கு வெளியேதான். உள்ளே புதைத்த குழாய் கசிந்தால் சுவரை இடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இந்தப் பக்கத்துக் கடின நீரில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குள் உப்புப் படிந்து ஓட்டை சுருங்கிப்போவதால், குளிர்ந்த நீருக்கு யுபிவிசி, சுடுநீருக்கு சிபிவிசி போடுங்கள். ஒகேனக்கல் குடிநீர் வரும் இணைப்பைப் போர்த் தண்ணீர்க் குழாயோடு எந்த இடத்திலும் சேர்க்காதீர்கள். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே வந்த திட்டம் அது. குடிக்கவும் சமைக்கவும் அதற்கென்று தனிக் குழாய் வையுங்கள்.

சுவர்ப் பூச்சு: நேரம் அதிகம், பொருள் மலிவு

கீழே ஓதம் அடித்த சுவரை முழுதும் உடைக்க வேண்டாம். ஈரக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை மட்டும் பழைய பூச்சைத் தட்டி எடுங்கள். மேலே நன்றாக இருக்கும் பழைய காரையை வைத்துக்கொள்ளுங்கள். அதுபோல இன்று பூசுவது கடினம். செங்கல் இடுக்கை அரை அங்குலம் கீறுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே சாக்கு விரித்துப் பிடித்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு குறைந்தது ஒரு மாதம் திறந்தபடி விடுங்கள். கனமான சுவருக்கு ஒரு கோடை முழுவதும் விட்டாலும் நல்லது. அந்த நேரத்தில் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

1. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றுதல். இரும்பு டிரம்மில் முதலில் முக்கால் பங்கு தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துச் சிதறும். கொதிக்கும், கண்ணாடி, கையுறை இல்லாமல் பக்கத்தில் போகக் கூடாது, குழந்தைகளைக் கிட்டவே விடக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறியதும் கொசுவலையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க, மூன்று வாரம் ஊற விடுங்கள். மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளானால் புதிய மூட்டையாகப் பார்த்து வாங்கி இரண்டு நாள் ஊற வைத்தால் போதும். பழைய மூட்டை காற்றுப் பட்டு வலுவிழந்திருக்கும்.

2. மணல் பார்த்தல். கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணலும், மேலே உப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேற்று அடுக்கு, மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும். பூச்சுக்கான பி-சாண்டும் (பாறையை நொறுக்கிய மணல்) சரிப்படும். அதில் மாவு போன்ற தூள் அதிகம் இருக்கிறதா என்று இதே சோதனை காட்டிவிடும்.

3. கலவை. முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பு விழுது 1, மணல் 3. தரையிலிருந்து 3 அடி வரை சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. அரை அங்குலக் கனத்தில் 100 சதுர அடிக்கு மணல் சுமார் 5 கன அடி, விழுது ஒன்றரை கன அடி பிடிக்கும்; அதற்குச் சுட்ட சுண்ணாம்பு 20 கிலோ வாங்க வேண்டியிருக்கும். விழுதில் இருக்கும் ஈரமே கிட்டத்தட்டப் போதும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் காயும்போது வெடிக்கும். நன்றாக அடித்துப் பதமாக்குங்கள். சுர்க்கி சேராத கலவையை ஈரச் சாக்கு மூடி மறுநாளும் பயன்படுத்தலாம்; சுர்க்கி சேர்த்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

4. பூச்சு. முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் சுவரை நனையுங்கள். கரணையால் வீசி அடித்து அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, மேலே குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கால் அங்குலம் இரண்டாம் பூச்சு. கடைசியாகச் சலித்த மணலோடு 1க்கு 2 கலவையை மெல்லியதாகத் தேயுங்கள்.

5. ஈரம் காத்தல். பத்து நாள் ஈரச் சாக்கு. நேர் வெயில் படக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வேகமாகக் காய்ந்தால் தொட்டதும் மாவாக உதிரும்.

வேலை நடக்கும்போது, “ஒரு சட்டி சிமென்ட் சேர்த்தா சீக்கிரம் இறுகிடும்ங்க” என்று கொத்தனார் சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். சிமென்ட் சேர்ந்தால் சுவர் மூச்சு விடுவது நிற்கும். கீழே உள்ள மெதுவான செங்கல்லை விடப் பூச்சு கெட்டியாகி, பிரியும்போது செங்கல் முகத்தையும் சேர்த்துப் பிய்க்கும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நல்ல பழைய முறைதான். ஆனால் அளவு தெரிந்த கை வேண்டும். வெல்லம் கூடினால் பூச்சு இறுகத் தாமதமாகும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைக்காவிட்டால், சிமென்ட் மட்டுமே பூசிப் பழகிய கொத்தனாரை வைத்து முதலில் சமையல்கட்டின் பின்சுவர் போன்ற ஓரிடத்தில் 10 சதுர அடி பூசிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் வெடிப்பில்லாமல் நின்றால் மற்ற இடத்துக்குப் போகலாம். கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசினால் அவசரமாகக் கனமாக அப்பிவிடுவார்கள். சுண்ணாம்பு வேலைக்கு நாள் கூலிதான் ஒத்துவரும்.

மண் சுவருக்கு இந்தப் பூச்சுகூட வேண்டாம். செம்மண், சலித்த மணல், நறுக்கிய வைக்கோல், கொஞ்சம் மாட்டுச் சாணம் பிசைந்து மூன்று நாள் புளிக்க வைத்துப் பூசி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

தரை: கிரானைட் கட்பீஸ்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைகள் நிறைய. பெரிய பலகையை அளவுக்கு வெட்டிய பிறகு மிஞ்சும் கட்பீஸ், முழுப் பலகை விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். சமையல் மேடை, ஜன்னல் திட்டு, படி, திண்ணை மேல்பலகை, 4 அங்குல ஸ்கர்ட்டிங் எல்லாம் இதிலேயே முடியும்.

போகும்போது ஒவ்வொரு இடத்தின் நீள அகலத்தையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கல்லின் மேல் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஈரமாக நிற்கும் கோடு, கண்ணுக்குத் தெரியாத கீறல். ஒரு இடத்துக்கான துண்டுகளை ஒரே நாளில் ஒரே குவியலில் எடுங்கள், அடுத்த லோடு நிறம் மாறும். கனம் 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை வேறுபடுவதால், தரைக்கு அடியில் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் கலவை போட்டால்தான் மேல்மட்டம் சமமாகும். குளியலறைக்குப் பாலிஷ் போட்டது வழுக்கும். தீயில் காட்டிச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்ட் கல் கேளுங்கள். வெளி ஜன்னல் திட்டுக்குப் போடும் துண்டைச் சுவரை விட்டு 2 அங்குலம் வெளியே நீட்டி, அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்தக் காடியில் சொட்டி விழும், சுவரில் வழியாது.

பழைய சிவப்புக் காவித் தரை இருந்தால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துணியால் நன்றாகத் தேய்த்தாலே பாதிப் பளபளப்பு திரும்பும். ஆசிட்டும் கக்கூஸ் கழுவும் திரவமும் சிமென்ட் மேற்பரப்பை அரித்து நிறத்தைக் கெடுத்துவிடும். பெயர்ந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் நிறம் முழுக்க ஒத்துப்போகாது. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்துக் கறுப்புக் கட்பீஸ் ஒன்றைப் பதித்தால் வேண்டுமென்றே செய்த வேலை போல இருக்கும்.

கதவு, ஜன்னல்

பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதனால் காய்ந்தபடி மெஷின் வைத்துத் தேய்க்கக் கூடாது. தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) கொண்டு நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும், சுரண்டிய கழிவைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

தேக்கு தெரிந்துவிட்டால் வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து முதல் கை. மறுநாள் எண்ணெய் மட்டும் மெல்லியதாக இரண்டாம் கை. கால் மணி நேரம் கழித்து மீந்ததைத் துடைத்துவிடுங்கள், விட்டால் பிசுபிசுக்கும். அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

கரையான் மண்கோடு தெரிந்தால் அதைக் கலைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்; திரும்பக் கட்டியிருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குவது வழக்கம். வீட்டுக்கிணறு பக்கத்தில் இருந்தால் அது குடிநீரில் கலக்கும், எனவே உரிமம் பெற்ற ஆளைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

நிறம்

12க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. 3க்கு 7 கதவு ஒன்றும் 4க்கு 4 ஜன்னல் இரண்டும் கழித்தால் 387. இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போனால் ஒரு டப்பா மிஞ்சும், அல்லது அரை டப்பா போதாது.

புதுக் காரைக்கு வெள்ளையடிப்பதே பொருத்தம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர், துணியில் வடித்து, கொஞ்சம் கொதித்த கஞ்சி அல்லது ஃபெவிகால், வெள்ளைக்கு ஒரு சிட்டிகை நீலம். சுவரை நனைத்துவிட்டு, முதல் கை மேலும் கீழும், இரண்டாவது இடமும் வலமும், மூன்றாவது மறுபடி மேலும் கீழும். ஒவ்வொரு கையும் மோர் போல நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் பொருக்காக உதிரும். அடிக்கும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும் என்பதால் பதறி இன்னொரு கை அடிக்காதீர்கள்.

நிறம் வேண்டுமானால் காவிக்கல் தூள், மஞ்சள் மண், நீலம் ஆகியவை சுண்ணாம்பில் நிறம் மாறாமல் நிற்கும். தூளைத் தனியாகத் தண்ணீரில் குழைத்து வடித்துச் சேருங்கள். வெளிச்சுவர் அடியில் இரண்டடிக்குக் காவிப் பட்டை அடிப்பது அழகுக்கு மட்டுமல்ல. மழையில் தெறிக்கும் செம்மண் அதில் தெரியாது. எமல்ஷன்தான் வேண்டும் என்றால் ஓதம் இல்லாத மேல்பகுதிக்கு மட்டும், பழைய சுண்ணாம்பை முழுதும் சுரண்டிய பிறகு. கையால் தடவினால் வெள்ளை ஒட்டும் சுவரில் எந்த பெயின்டும் நிற்காது.

அலங்காரம்

இவ்வளவு முடிந்த பிறகு வாங்குவதற்கு அதிகம் இருக்காது. விளக்கு மாடத்தை அடைக்காமல் உள்பக்கம் மட்டும் காவி அடித்து, ஒரு சிறு எல்இடி வையுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் ஒளி பொருந்தும். வெள்ளை டியூப் லைட்டில் அதே சுவர் ஆஸ்பத்திரி மாதிரி தெரியும். கூடத்தின் நடுவில் ஒரு பெரிய விளக்கைவிட, மூலைக்கு ஒன்றாக 5 வாட் பல்பு மூன்று போட்டால் கைமரத்தின் நிழலும் அழகாக விழும். ஜன்னலுக்குப் பருத்தி வேட்டித் துணியே திரையாகப் போதும், ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி எடுத்தால் மடிப்பு நன்றாக வரும்.

மேசை, அலமாரிக்கு இங்கே மலிவாகக் கிடைப்பது மாமரம். பழைய தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டும்போது பலகை வாங்கலாம். ஆனால் பச்சை மரத்தில் செய்தால் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். பலகையாக அறுத்து, நடுவில் கட்டை கொடுத்து அடுக்கி, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும். வண்டு துளைக்கும் மரம் அது, ஆகவே வீட்டுக்குள் மட்டும், கால்களைத் தரையில் படாமல் கல் சில்லு மேல் நிறுத்துங்கள்.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பழைய மரக்கடைகளில் பைன் மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) கிடைக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் சுட்டு அச்சடித்த முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, வீட்டுக்கு ஆகும். எம்பி (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருப்பதையும் எடுக்காதீர்கள். ஆணியைப் பிடுங்கப் பலகையை நெம்பினால் பிளந்துவிடும். இரண்டு பலகைக்கும் நடுவே இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட்டால் பலகை முழுதாக வரும், ஆணித் தலைகளும் அதிலேயே நின்று பார்வைக்கு நன்றாக இருக்கும்.